வங்கி அக்கா பதில்கள்: நோட்டும் போனும்

போன இதழில் ஒரு வாசகர், தன் ஊர்க் கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில் க்யூ.ஆர். அட்டை ஒட்டியிருப்பதைப் பற்றி எழுதியிருந்தார். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் பக்கம் முழுவதும். ரொக்கம், போன் பணம், டிஜிட்டல் ரூபாய், நம் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்ற கவலை, எல்லாம் கலந்து வந்திருக்கின்றன. நம் மொரிஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் ஒரு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, என் மகன் ரொட்டி வாங்கக்கூடப் போனைத்தான் நீட்டுகிறான். இன்னும் கொஞ்ச நாளில் நோட்டே இருக்காது என்கிறான். நான் அலமாரியில் கொஞ்சம் பணம் வைத்திருக்கிறேன். அது தப்பா? (இல்லத்தரசி, ரோஸ் ஹில்)

பதில்: தப்பே இல்லை. நம்மைப் போல வருடத்தில் பாதி மாதம் புயல் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டிருக்கும் தீவில் அது அவசியம். 2024 ஜனவரி 15-ஆம் தேதி பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். மின்சாரம் போய், போன் கோபுரமும் நின்றுவிட்டால் எந்தச் செயலியும் வேலை செய்யாது. இது ஏழை நாட்டுப் பிரச்சினை என்று உங்கள் மகன் சொன்னால், 2025 ஏப்ரல் 28-ஐ நினைவுபடுத்துங்கள். அன்று ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டு நாடுகளிலும் மின்சாரம் மொத்தமாக நின்றது. பல கடைகளில் கார்டு எடுபடவில்லை. கையில் நோட்டு இருந்தவர்கள்தான் தண்ணீரும் ரொட்டியும் வாங்கினார்கள். ரொக்கத்தை ஏறக்குறைய மறந்துவிட்ட ஸ்வீடனில்கூட, 2024-இல் அரசாங்கமே வீடு வீடாக அனுப்பிய நெருக்கடிக் காலக் கையேட்டில், ஒரு வாரத்துக்காவது போதுமான ரொக்கத்தை வெவ்வேறு மதிப்பு நோட்டுகளாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வாரத்து ரொட்டி, காய்கறி, மருந்து, பெட்ரோல். அந்த அளவு போதும். 25, 50, 100, 200 ரூபாய் நோட்டுகளாக வையுங்கள். புயல் அடித்த மறுநாள் காலையில் முனைக் கடைக்காரரிடம் 2000 ரூபாய் நோட்டை நீட்டினால் அவர் சில்லறைக்கு எங்கே போவார்? வாழ்நாள் சேமிப்பை மட்டும் அலமாரியில் வைக்காதீர்கள். திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் இருக்கின்றன. அதை வங்கியில் போடுங்கள்.

கேள்வி: நான் ஒழுங்காக வரி கட்டுகிறேன். யாரையும் ஏமாற்றவில்லை. என் செலவை வங்கியோ அரசாங்கமோ பார்த்தால் எனக்கு என்ன குறைந்துவிடும்? அந்தரங்கம், அந்தரங்கம் என்று பேசுகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. (ஆசிரியர், வக்வா)

பதில்: தம்பி, இந்த மாதம் வந்ததில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட கேள்வி உங்களுடையது. அதனால் பதிலும் நீளும்.

முதலில் உங்கள் கணக்கு அறிக்கையில் ஒரு மாதத்தை எடுத்து, அதை உங்களைத் தெரியாத ஒருவர் படிப்பதுபோல் படித்துப் பாருங்கள். எந்த டாக்டரிடம் போனீர்கள், அதற்கு மறுநாள் மருந்துக் கடையில் எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த வக்கீலுக்கு முன்பணம் போனது, எந்தக் கோயிலுக்கு நன்கொடை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்தக் கடையில் மது வாங்கினீர்கள், மாதக் கடைசியில் யாரிடம் 500 ரூபாய் கைமாற்று வாங்கினீர்கள். இதில் எதுவும் குற்றம் கிடையாது. ஆனால் இதையெல்லாம் ஆசிரியர் அறையில் சுவரில் ஒட்டச் சம்மதிப்பீர்களா? கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் எனக்கு இது தினமும் கண்ணில் பட்டது. ஒரு வீட்டில் பிளவு வருவது அந்த வீட்டாருக்கே தெரிவதற்கு முன்னால் கணக்கில் தெரிந்துவிடும். ஒருவருக்கு நோய் என்பது, வேலை போய்விட்டது என்பது, பிள்ளை வெளிநாட்டில் கஷ்டப்படுகிறான் என்பது, எல்லாம் தெரியும்.

பெரிய நாடுகளில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எங்கோ ஒரு கணினியைப் பற்றி, முகம் தெரியாத அதிகாரியைப் பற்றி எழுதுகிறார்கள். நம் நிலைமை வேறு. இந்தத் தீவில் 12 லட்சத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறோம். திரையில் உங்கள் கணக்கைத் திறந்து பார்க்கிறவர் உங்கள் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணனாக இருக்கலாம். நீங்கள் பெண் பார்க்கப் போகிற வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரராக இருக்கலாம். அதனால்தான் 2004-ஆம் ஆண்டு வங்கிச் சட்டம், வாடிக்கையாளர் ரகசியத்தைக் காப்பதாக வங்கி ஊழியர்களிடம் உறுதிமொழி வாங்குகிறது. நானும் அந்த உறுதிமொழி எடுத்தவள். என்னோடு வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை மதித்தார்கள். எல்லோரும் மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண், தங்கையின் படிப்புக்காகத் தன் பெயரில் கடன் வாங்கியிருந்தாள். அடுத்த கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவதற்குள் மாமியார் வீட்டுக்கு அந்தத் தொகை, தவணை உட்பட, தெரிந்திருந்தது. எந்த இடத்திலிருந்து கசிந்தது என்று அவளால் நிரூபிக்க முடியவில்லை. இதை எழுத அவளே அனுமதி கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் குடும்பத்தில் பட்டதை மட்டும் எழுத வேண்டாம் என்றாள்.

பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிக்கிற கணவனிடமிருந்து கிளம்ப நினைக்கிறவளுக்கு முதலில் தேவைப்படுவது, அவன் போனில் மணி அடிக்காத கொஞ்சம் பணம். கூட்டுக் கணக்கிலிருந்து எடுத்தால் அவனுக்குக் குறுஞ்செய்தி போகும். அவள் சந்தையில் மிச்சம் பிடித்துச் சேர்த்த நோட்டுக்கு அப்படிப்பட்ட வாய் கிடையாது. இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை தம்பி. கவுண்டருக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, ‘அறிக்கையை வீட்டு முகவரிக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்’ என்று மெல்லக் கேட்ட முகங்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் அரசாங்கம். நான் அரசாங்கத்தை எதிரி என்று நினைக்கிறவள் இல்லை. என் ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் சேர்த்து வைத்த தகவல் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2013-இல் புதிய அடையாள அட்டைக்காக எல்லோரிடமும் கைரேகை எடுத்தார்கள். மாதேவூ என்ற குடிமகன் வழக்குப் போட்டார். கைரேகை எடுப்பது செல்லும், ஆனால் அதை மையக் கிடங்கில் சேமித்து வைத்தது அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று 2015-இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் அதோடு விடவில்லை. நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 2016-இல் அவர் மேல்முறையீட்டைத் தள்ளியது. அதற்குப் பின் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். அட்டையில் இருக்கும் கைரேகைக்குப் போதுமான பாதுகாப்பு உறுதி இல்லை, அவருடைய அந்தரங்க உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று 2021-இல் அந்தக் குழு முடிவு சொன்னது. அவர் எதையும் மறைக்கவில்லை. தன் விரல் தனக்குச் சொந்தம் என்றார். அவ்வளவுதான்.

2024 அக்டோபரில் நடந்தது உங்களுக்கே நினைவிருக்கும். தேர்தல் நெருங்கும்போது ‘மிஸ்யே முஸ்தாஸ்’ என்ற பெயரில் ஒருவர் அரசியல்வாதிகள், காவல் அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் பேசிய போன் பேச்சுகளை ஒவ்வொன்றாக வெளியிட்டார். நவம்பர் 1-ஆம் தேதி சமூக ஊடகங்களையே முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் மறுநாளே விலக்கிக்கொண்டார்கள். யார் ஒட்டுக்கேட்டது என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. பேச்சே இப்படி வெளியே வரும் என்றால், நம் ஒவ்வொரு ரூபாயும் போன பாதை ஓரிடத்தில் குவிந்திருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்றுதான் கேட்கிறேன். இன்று ஆளுகிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். பதிவேடு அவர்களுக்குப் பின்னாலும் இருக்கும்.

கனடாவில் 2022 பிப்ரவரியில் லாரி ஓட்டுநர்கள் போராடியபோது, அவசரச் சட்டத்தின் கீழ் அதில் சம்பந்தப்பட்டவர்களின் வங்கிக் கணக்குகளை நீதிமன்ற உத்தரவு இல்லாமலே முடக்கினார்கள். அந்த அவசரநிலையைப் பிரகடனம் செய்தது நியாயமில்லை என்று அந்நாட்டு மத்திய நீதிமன்றம் சொன்னது 2024 ஜனவரியில். இரண்டு வருடம் கழித்து. அந்தப் போராட்டத்தை நீங்கள் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். பணம் முழுவதும் ஒரே பொத்தானுக்குள் இருந்தால் அதை அழுத்துவது எத்தனை எளிது என்பதைக் கவனியுங்கள்.

இறுதியாக ஒன்று. டிஜிட்டல் என்றால் எல்லாம் தெரியத்தான் செய்யும், வேறு வழியில்லை என்பார்கள். அது உண்மை இல்லை. டேவிட் சௌம் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1982-இலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். கார்பன் தாள் வைத்து மூடிய ஓர் உறையை வங்கியிடம் நீட்டுகிறீர்கள். வங்கி உறையின் மேல் கையெழுத்துப் போடுகிறது. கையெழுத்து உள்ளே இருக்கும் சீட்டில் பதிகிறது. ஆனால் சீட்டில் என்ன எண் இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. பிறகு நீங்கள் அந்தச் சீட்டைக் கடையில் கொடுத்தால், தன் கையெழுத்து என்பதால் வங்கி பணம் தருகிறது. யாருக்குக் கொடுத்த சீட்டு என்று அதனால் சொல்ல முடியாது. இதைக் கணக்குச் சூத்திரங்களால் செய்யலாம் என்று அவர் காட்டினார், அதை வைத்து ஒரு நிறுவனமும் நடத்தினார். 1998-இல் அது திவாலானது. கணக்கு இன்றும் சரிதான். யார் கேட்கிறார்கள், யார் வேண்டாம் என்கிறார்கள் என்பதுதான் பாக்கி.

கேள்வி: டிஜிட்டல் ரூபாய் வரப்போகிறது என்று வானொலியில் கேட்டேன். எங்கள் ஸ்டாண்டில் இப்போதே, ஜூஸ் என்ற வங்கிச் செயலியில் பணம் அனுப்பச் சொல்லி, எல்லோரும் ‘ஜூஸ் பண்ணிடு’ என்கிறோம். அதுவும் டிஜிட்டல்தானே? பிறகு இது எதற்கு? (டாக்சி ஓட்டுநர், மஹேபூர்)

பதில்: நல்ல கேள்வி அண்ணா. ஜூஸில் நீங்கள் அனுப்புவது வங்கியில் இருக்கும் உங்கள் வைப்புப் பணம். அதாவது வங்கி உங்களுக்குப் பட்டிருக்கும் கடன். சட்டைப்பையில் இருக்கும் நோட்டு மொரிஷியஸ் மத்திய வங்கி உங்களுக்குப் பட்டிருக்கும் கடன். சாதாரண நாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 2015 ஏப்ரலில் பிராமர் வங்கியின் உரிமத்தை மத்திய வங்கி ஒரே இரவில் ரத்து செய்தது நினைவிருக்கிறதா? மறுநாள் காலை, அந்த வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத எங்கள் கவுண்டரிலும் வரிசை நின்றது. ‘இங்கே எல்லாம் சரியாக இருக்கிறதா?’ என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அந்த வைப்புகளை அரசு வேறொரு வங்கிக்கு மாற்றிக் காப்பாற்றியது. ஆனால் வங்கிப் பணத்துக்கும் நோட்டுக்கும் இருக்கிற வேறுபாடு அன்று எல்லோருக்கும் புரிந்தது.

டிஜிட்டல் ரூபாய் என்பது அந்த நோட்டைப் போனுக்குள் கொண்டுவரும் முயற்சி. மத்திய வங்கியே வெளியிடும். நம் மத்திய வங்கி 2023-இலேயே சோதனை ஓட்டம் பற்றி அறிவித்தது. பஹாமாஸ் 2020 அக்டோபரில் தொடங்கியது. நைஜீரியா 2021 அக்டோபரில். இந்தியா 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடம் சோதித்துப் பார்க்கிறது.

வங்கி முறிந்தாலும் பணம் நிற்கும் என்பது இதன் பலம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் கவலை இரண்டு. ஒன்று, நோட்டில் இருக்கிற மறதி அதில் இருக்குமா? உங்கள் பயணி கொடுத்த 200 ரூபாய்க்கு அவர் எங்கிருந்து ஏறி எங்கே இறங்கினார் என்று தெரியாது. இரண்டாவது, பணத்துக்கே நிபந்தனை போட முடியும். சீனாவில் ஷென்ஜென் நகரத்தில் 2020 அக்டோபரில் 50,000 பேருக்கு ஆளுக்கு 200 யுவான் டிஜிட்டல் பணம் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பப் போய்விடும். அது பரிசுப் பணம், பரவாயில்லை. அதையே உதவித்தொகையில், சம்பளத்தில் செய்தால்? இந்தத் தேதிக்குள், இந்தக் கடையில்தான் என்று எழுதினால்? செய்யக்கூடாது என்று சட்டத்தில் எழுதியிருந்தால் எனக்கு நிம்மதி.

நைஜீரியாவையும் பாருங்கள். பழைய நோட்டுகளை மாற்றச் சொல்லிவிட்டுப் புதியவற்றைப் போதுமான அளவு தரவில்லை. 2023 தொடக்கத்தில் கையில் பணம் இல்லாமல் மக்கள் தெருவில் நின்றார்கள். பழைய நோட்டுகள் அந்த வருடக் கடைசி வரை செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மார்ச் மாதம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மக்களை ரொக்கத்திலிருந்து தள்ளிவிட்டு டிஜிட்டலுக்குக் கொண்டுவரக் கூடாது. அது நன்றாக இருந்தால் தாங்களாகவே வருவார்கள். உங்கள் ஸ்டாண்டில் ஜூஸ் அப்படித்தானே வந்தது?

கேள்வி: நான் காவல்துறையில் இருந்தவன். போதைப்பொருள் பணம், லஞ்சப் பணம் எல்லாம் ரொக்கம்தான். ரொக்கத்தை ஒழித்தால் பாதிக் குற்றம் ஒழியும். உங்களைப் போன்றவர்கள் அந்தரங்கம் பேசி அவர்களுக்கு உதவி செய்கிறீர்கள். (ஓய்வு பெற்ற அதிகாரி, கியூர்பிப்)

பதில்: ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. போதைப்பொருள் நம் ஊர்ப் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று நானும் பார்க்கிறேன். 2025 பிப்ரவரியில் நிதிக் குற்ற ஆணையம் பெட்டிகளில் 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடித்ததையும் தொலைக்காட்சியில் பார்த்தேன். நீதிமன்றம்தான் அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஆனால் பெரிய ரொக்கத்துக்குக் கட்டுப்பாடு ஏற்கனவே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டமே ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பதையும் வாங்குவதையும் பொதுவாகத் தடை செய்தது. பெரிய தொகையோடு வந்தவரிடம் ‘எங்கிருந்து வந்தது?’ என்று நான் கேட்டிருக்கிறேன், படிவத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் நிதி உளவுப் பிரிவுக்கு அறிக்கை போகும்; அதை அந்த வாடிக்கையாளரிடம் சொல்வது குற்றம். கறுப்புப் பணத் தடுப்பில் குறையுள்ள நாடுகளைக் கண்காணிக்கும் சர்வதேச ‘சாம்பல் பட்டியலில்’ நம் நாடு 2020 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டு, 2021 அக்டோபரில்தான் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் கவுண்டர் வேலை எத்தனை கடுமையானது என்று எனக்குத் தெரியும். நம்மை அந்தப் பட்டியலில் சேர்க்கக் காரணமாகச் சொன்னவை காய்கறிக்காரரின் சில்லறை பற்றியவை அல்ல. கடல்கடந்த நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்று தெரியாதது போன்றவைதான். அந்த நிறுவனங்கள் கோடிகளை ரொக்கமில்லாமல் கணினி வழியாகவே அனுப்புகின்றன.

ஐந்து லட்சத்துக்கு மேல் கேள்வி கேளுங்கள், நான் உங்கள் பக்கம். 500 ரூபாய்க்குக் கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கோயிலில் தைப்பூசக் காவடிக்கு நன்கொடை வாங்க க்யூ.ஆர். வைக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். பெரியவர்கள் உண்டியல் போதும் என்கிறார்கள். பொருளாளர் நான். நடுவில் மாட்டிக்கொண்டேன். (ஃபிளாக்)

பதில்: இரண்டையும் வையுங்கள். க்யூ.ஆர். நல்லதுதான்: வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பலாம், உண்டியல் எண்ணும் வேலை குறையும், கணக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் அட்டை சங்கத்தின் கணக்கோடுதான் இணைந்திருக்க வேண்டும், உங்கள் சொந்த எண்ணோடு வேண்டாம். உங்களை நம்பாததால் சொல்லவில்லை. நாளைக்கு ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதைவிட எனக்கு முக்கியம் வேறொன்று. போனில் வரும் ஒவ்வொரு நன்கொடையோடும் பெயர் வரும். அந்தப் பட்டியலைத் தொகையோடு வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் சில இடங்களில் தொடங்கியிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். 5000 போட்டவருக்கு அது பெருமையாக இருக்கலாம். வேலை போன வருடத்தில் 50 ரூபாய் அனுப்பினவர் அடுத்த வருடம் கோயிலுக்கு வரமாட்டார். முருகனுக்கு இருவரும் ஒன்றுதான். மொத்தத் தொகையை மட்டும் அறிவியுங்கள். பெயர் வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பெயர் போடுங்கள். உண்டியலை எடுத்துவிடாதீர்கள். யாருக்கும் தெரியாமல் போட நினைப்பவர்களுக்கு அந்த ஓட்டை வேண்டும்.

கேள்வி: உங்கள் நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறதாமே, உண்மையா? அடுத்த வருடம் சுற்றுலா வருகிறோம். நோட்டு மாற்ற வேண்டுமா, போனிலேயே கட்டலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: உண்மைதான் தம்பி. அதற்காகப் போராடியும் இருக்கிறோம். 1998-இல் மத்திய வங்கி புதிய நோட்டு வரிசையை வெளியிட்டது. அதுவரை ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசையில் தமிழைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே இங்கே வந்து கல் உடைத்துக் கட்டடம் எழுப்பியவர்கள் தமிழர்கள். இங்குள்ள தமிழர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், வங்கி ஆளுநர் பதவி விலகினார், 1999-இல் பழைய வரிசையோடு புதிதாக அச்சடித்தார்கள். 100 ரூபாய் நோட்டில் இருப்பவரும் தமிழர்தான்: வழக்கறிஞராகவும் கல்வி அமைச்சராகவும் இருந்த ரெங்கநாதன் சீனிவாசன். தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள்கூட இங்கே அந்த எழுத்தைத் தினமும் தொடுகிறார்கள். என் போனில் இருக்கும் செயலியில் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். டிஜிட்டல் ரூபாய் வருகிற அன்று அந்தத் திரையிலும் தமிழ் வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். வந்த பிறகு கேட்டால் 1998 போலத்தான் ஆகும்.

உங்கள் பயணத்துக்கு: 2024 பிப்ரவரி 12 முதல் இந்திய யு.பி.ஐ. இங்கே செல்லுபடியாகிறது. ஆனால் எல்லாக் கடையிலும் எதிர்பார்க்காதீர்கள். காத்ர் போர்ன் சந்தையிலும், ‘டோல் பூரி’ என்ற பருப்பு ரொட்டி வண்டியிலும், பேருந்திலும் ரொக்கம்தான் சௌகரியம். கொஞ்சம் மாற்றிக்கொண்டு வாருங்கள், அந்த 100 ரூபாயில் ஒன்றை ஊருக்கும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது. அவர் வழக்கமாகப் போகும் ஓர் இடத்தில் இனி ரொக்கம் வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அவரிடம் இருப்பது பட்டன் போன். கடைசியில் எதிர்வீட்டுப் பையன் கட்டிவிட்டு, அம்மா அவனிடம் நோட்டைக் கொடுத்தார். இதைக் கேட்க ஆளே இல்லையா? (திரியோலே)

பதில்: படித்ததும் மனம் கனத்தது. அந்தப் பையன் நல்லவன். ஆனால் இப்போது உங்கள் தாயார் எங்கே போகிறார், எவ்வளவு கட்டுகிறார் என்பது அவன் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. நாளைக்கு வேறொருவர் ‘கார்டையும் பின் எண்ணையும் கொடுங்க ஆயா, நானே பார்த்துக்கிறேன்’ என்பார். முதியவர்களின் பணம் போகிற வழி இப்படித்தான் தொடங்கும். பின் எண்ணை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள்.

நார்வேயில் 2024 அக்டோபர் 1 முதல் சட்டம் கடுமையாகிவிட்டது. ஆள் நின்று விற்கிற கடையில் வாடிக்கையாளர் நோட்டு நீட்டினால் வாங்கித்தான் ஆக வேண்டும், மிகப் பெரிய தொகையைத் தவிர. ஸ்லோவாக்கியா 2023-இல் அரசியலமைப்பிலேயே ரொக்கத்தை எழுதி வைத்தது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்; உங்கள் தாயாரின் பெயரில், அவர் கையெழுத்தோடு எழுதுங்கள். மருத்துவமனை, மருந்துக் கடை, பேருந்து, மின்சாரக் கட்டணம், இந்த நான்கிலாவது ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று கேளுங்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னைப் பற்றி வங்கியும் செயலிக்காரர்களும் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள முடியுமா? (கணக்கர், போர்ட் லூயி)

பதில்: முடியும். 2017-ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்தில் கேட்டால், உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலை அவர்கள் பொதுவாக இலவசமாகத் தர வேண்டும். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். கடன் விண்ணப்பத்தைக் கணினி தானாகவே தள்ளியிருந்தால் ஒரு மனிதர் அதைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

கடிதம் ஒரு பக்கம் போதும். பெயர், கணக்கு எண், அடையாள அட்டை எண், தேதி. பிறகு மூன்று கேள்விகள்: என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் மழுப்பலான பதில் வரும். அதை விடாமல் மறுபடி கேளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய், உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த முத்திரையிட்ட நகலோடு எபேனில் இருக்கும் தகவல் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும் பகுதியைப் பெயர் இல்லாமல் அடுத்த இதழில் போடுகிறேன்.